மார்பகப் புற்றுநோய்க்குப் பத்தியம் மட்டும் போதுமா?

தோட்டப்புறங்களில் இப்போது ஒரு பேச்சு பலமாக அடிபடுகிறது. மார்பில் கட்டி கண்ட பெண்ணுக்குக் கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். கவிச்சியை நிறுத்தி, சீனியை நிறுத்தி, இன்ன இலைச் சாற்றைக் குடித்து, விடியலில் எழுந்து நடந்தால் உடம்பே அந்தக் கட்டியைக் கரைத்துவிடும் என்பதே அந்தப் பேச்சு. முன்பு இந்த மாதிரிச் சங்கதிகள் குழாயடியில் உலவி அங்கேயே அடங்கிவிடும். இன்று கைப்பேசியில் குரல்பதிவாக ஏறி, ஒரே ராத்திரியில் கெடாவிலிருந்து ஜொகூர் வரை போய்விடுகிறது. "எதிர்ப்புச் சக்தி இருந்தா எந்த நோயும் அண்டாது, கத்தி வச்சாத்தான் பரவும்" என்று யாரோ ஒருவர் அடித்துச் சொல்கிறார். கேட்ட பெண் ஆஸ்பத்திரி தேதியைத் தள்ளிப் போடுகிறாள்.

இதை முழுப் பொய் என்று ஒரே வரியில் ஒதுக்க நாம் வரவில்லை. இதில் கால் பங்கு உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. முழுப் பொய்யாக இருந்தால் நம் தாய்மார்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். உணவும் உடற்பயிற்சியும் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தொடுகின்றன என்பது ஆராய்ச்சியில் தெரிய வந்திருக்கிறது. எந்த அளவுக்கு, யாருக்கு, எப்போது என்பதைத்தான் அந்தக் குரல்பதிவு விட்டுவிடுகிறது.

முதலில் நிலவரத்தைப் பார்ப்போம். மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் கணக்குப்படி, இந்நோய் கண்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டார்கள். அதற்கு முந்திய ஐந்தாண்டுக் கணக்கைவிட இது கூடுதல். சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட கணக்கோ இன்னும் வெளிச்சமாகப் பேசுகிறது. முதல் கட்டத்தில் வந்தவர்களில் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தவர்கள் 100க்கு 87 பேர். நான்காம் கட்டத்தில் வந்தவர்களில் 23 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் பல குடும்பங்களின் "இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம்" என்ற பேச்சு இருக்கிறது.

இனி எதிர்ப்புச் சக்தி என்கிறார்களே, அது என்ன? தோட்டத்து ஸ்டோருக்கு இரவில் ஜாகா போடுகிறோம் அல்லவா, அது மாதிரி உடம்புக்குள்ளும் ஜாகாக்காரர்கள் உண்டு. இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்களே அவர்கள். அவர்களில் ஒரு பிரிவுக்கு இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று பெயர். கெட்டுப்போன அணுவைக் கண்டால் யாரையும் கேட்காமல் அதைக் கொல்லக் கூடியவை. இன்னொரு பிரிவு டி அணுக்கள். இவை எதிரியின் முக அடையாளத்தைப் பழகிக்கொண்டு தேடிப்போய் அடிக்கும். நாள்தோறும் நமக்குத் தெரியாமலேயே எத்தனையோ கெட்ட அணுக்களை இவை ஒழித்துக்கட்டுகின்றன.

ஆனால் புற்றுநோய் வெளியிலிருந்து வரும் திருடன் அல்ல. அது நம் வீட்டுப் பிள்ளையே தடம் மாறிப் போனது. முகம் தெரிந்த முகம், உடுப்பும் நம் உடுப்பு. ஜாகாக்காரன் கண்ணில் மண்ணைத் தூவ அதற்குத் தெரியும். "என்னைத் தொடாதே" என்று அவனுக்குச் சைகை காட்டி அடக்கி வைக்கவும் தெரியும். 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுபாங் ஜெயாவில் சிகிச்சை பெற்ற 560 மலேசியப் பெண்களின் மார்பகக் கட்டிகளை மரபணு அளவில் பிரித்துப் பார்த்தார்கள். மேல்நாட்டுப் பெண்களின் கட்டிகளோடு ஒப்பிட்டால், நம் நாட்டுப் பெண்களின் கட்டிகளில் எதிர்ப்பு அணுக்களின் தடயம் கூடுதலாகவே இருந்ததாம். ஜாகாக்காரர்கள் கூடி நின்றும் கட்டி வளர்ந்திருக்கிறது! ஆகவே ஒரு பெண்ணின் கைக்குக் கட்டி தட்டுப்படுகிறது என்றாலே, அந்த இடத்தில் ஜாகா ஏமாந்துவிட்டான் என்றுதான் பொருள். ஏமாந்துபோன அதே ஜாகாக்காரனுக்கு நாலு டம்ளர் இலைச்சாற்றைக் கொடுத்து, "இனி நீயே பார்த்துக்கொள்" என்று போலீசைத் திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

சரி, நடையால் பயனே இல்லையா? இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேகமாக நடக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. மண்ணீரலிலும் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் ஒதுங்கிக் கிடக்கும் கொல்லி அணுக்கள் அந்த அழைப்பைக் கேட்டு இரத்தத்துக்குள் திரண்டு வருகின்றன. தூங்கிக் கிடந்த ஜாகாக்காரனைத் தட்டி எழுப்பி ஒரு ரோந்து சுற்றி வரச் சொன்ன மாதிரி. நடை முடிந்து கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கை பழையபடி இறங்கிவிடும். அதனால்தான் ஒரு நாள் பத்து மைல் நடந்துவிட்டு ஒன்பது நாள் படுத்துக் கிடப்பதில் பயனில்லை.

2016இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். கூண்டுக்குள் சக்கரம் சுற்றி ஓடிய எலிகளுக்குக் கட்டியின் வளர்ச்சி பாதிக்கும் மேலாகக் குறைந்தது. கொல்லி அணுக்களை நீக்கிவிட்டு ஓடவிட்டபோது அந்தப் பயன் போய்விட்டது. ஆக, ஓட்டத்துக்கும் எதிர்ப்பு அணுக்களுக்கும் தொடர்பு இருப்பது தெளிவானது. எலி எலிதான், மனுஷி மனுஷிதான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். மனிதரிடம் செய்த சோதனையும் உண்டு. 2005இல் கனடாவில், சிகிச்சை முடிந்த 53 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் பதினைந்து வாரம் நிலைச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். அவர்களுடைய கொல்லி அணுக்களின் தாக்கும் திறன் கூடியது. அதே ஆண்டில் அமெரிக்காவில், இந்நோய் கண்ட ஏறக்குறைய மூவாயிரம் தாதியரின் விவரத்தைத் தொகுத்தபோது, வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து மணி நேர நடைக்குச் சமமாக உடலை அசைத்தவர்களிடையே இந்நோயால் ஏற்பட்ட சாவு, அசையாதிருந்தவர்களைவிடப் பாதியளவே இருந்தது. உடம்பு தேறியவர்கள்தானே நடப்பார்கள், அதனால் வந்த வித்தியாசமாகவும் இருக்கலாமே என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்விக்கு இடம் கொடாத முறையில், குலுக்கல் போட்டுப் பிரித்துச் செய்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2025இல் வந்தது. அது மார்பகத்துக்கு அல்ல, பெருங்குடல் புற்றுநோய்க்கு. 889 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு மூன்று ஆண்டு காலம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி. மற்றப் பிரிவுக்கு அறிவுரை கொண்ட புத்தகம் மட்டும். ஐந்தாண்டு கழித்து, நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 100க்கு 80, மற்றதில் 74. நூற்றுக்கு ஆறு பேர் என்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 889 பேரும் முதலில் அறுவை செய்துகொண்டு, கீமோ மருந்தும் ஏற்றிக்கொண்டவர்கள். கத்தியை விட்டுவிட்டு நடக்கப் போனவர்கள் அல்ல.

"நாங்கதான் விடியுமுன்னே பெரட்டுக்குப் போயி மதியம் வரைக்கும் காட்டுல நடக்கிறோமே, எங்களுக்கு எதுக்குத் தனியா நடை?" என்று பால்வெட்டும் பெண்கள் கேட்கலாம். கேட்பது சரிதான். வெட்டுக்காட்டில் இருக்கும்வரை அவர்களுக்கு உடல் அசைவில் குறைவில்லை. நாம் சொல்வது, தோட்டம் துண்டாடப்பட்டு அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் போனவர்கள், தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பவர்கள் அல்லது உட்கார்ந்திருப்பவர்கள், வேலை ஓய்ந்த பாட்டிமார்கள் இவர்களைப் பற்றி. அப்புறம், சிகிச்சையில் இருக்கும் பெண்களைப் பற்றி. "நோயாளி அசையக் கூடாது, படுத்தே கெடக்கணும்" என்று நாம் பாசத்தால் செய்வது அவளுக்குப் பகையாக முடிகிறது. கீமோ காலத்தில் வரும் அந்தக் களைப்புக்கு, முடிந்த அளவு நடப்பதே நல்ல மருந்து என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணி போதும். அரை மணி முடியாதா? பத்துப் பத்து நிமிடமாக லயத்தைச் சுற்றி வரட்டும்.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்குளில் நெறிகட்டிகளை எடுத்த பிறகு சிலருக்குக் கை வீங்கும். அதனால் வாழ்நாள் முழுவதும் அந்தக் கையால் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். 2009இல் அமெரிக்காவில், கை வீங்கிய 141 பெண்களை வைத்து நடந்த சோதனை இந்தப் பயத்தைப் போக்கியது. கொஞ்சங் கொஞ்சமாக எடை கூட்டித் தூக்கப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. இதைக் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த வாரமே மருந்துப் பம்பை முதுகுல மாட்டலாம்" என்று எந்த மண்டோரும் கிளம்பிவிட வேண்டாம். அங்கே ஒரு மடக்கு நூல்கண்டு எடையில் தொடங்கி மாதக்கணக்கில் ஏற்றுவது மாதிரிப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

உணவுக்கு வருவோம். இங்கேதான் குப்பை அதிகம்.

புற்றுநோயைக் கரைக்கும் கீரை, காய், பழம், வேர் என்று ஒன்று இல்லை. உணவு செய்யும் வேலை சுற்று வழியில் நடக்கிறது. அதில் முக்கியமானது உடல் கொழுப்பு. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊறும் இடமே கொழுப்புத்தான். பல மார்பகக் கட்டிகள் அந்த ஈஸ்ட்ரோஜனைத் தின்றுதான் வளர்கின்றன. இன்னொன்றும் உண்டு. அளவுக்கு மீறி உப்பிய கொழுப்பணுக்கள் மூச்சு முட்டிச் சாகின்றன. செத்ததைச் சுற்றி வெள்ளணுக்கள் கூடிக்கொண்டு ஓயாத ஓர் அழற்சியை மூட்டுகின்றன. குப்பை மேட்டில் நாள் முழுக்கப் புகைகிற நெருப்பு மாதிரி. ஜாகாக்காரர்கள் எல்லாரும் அந்தப் புகையைச் சுற்றி நின்றால் ஸ்டோரை யார் பார்ப்பது? 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் பாதிப் பேர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள் என்று தெரிந்தது. உடல் பருமனில் முன்னால் நின்றவர்கள் இந்தியர்கள். நாம் முதலிடம் பிடித்த பந்தயம் இது!

ஏன் பிடித்தோம் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. காலையில் கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணி, பத்து மணிக்கு இன்னொன்று, மாலையில் இன்னொன்று. தட்டு நிறையச் சோறு, அதன் ஓரத்தில் விரலளவு காய். தோட்டத்தில் இருந்தவரை லயத்துக்குப் பின்னால் முருங்கையும் பசளையும் வெண்டையும் இருந்தன. நாலாம் மாடிக்குப் போனதும் அதெல்லாம் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. அந்தக் காசுக்கு நாலு பாக்கெட் மாகி மீ வாங்கினால் பிள்ளைகள் வயிறு நிறையும். நாம் இதற்காகத் தாய்மார்களைக் குறை சொல்லப் போவதில்லை. சம்பளத்தைப் பார்த்துத்தான் சட்டியில் அரிசி விழுகிறது.

இரண்டு சோதனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். அமெரிக்காவில் 2006இல் முடிவு சொன்ன ஒரு சோதனையில், சிகிச்சை பெற்ற 2,437 பெண்களில் ஒரு பிரிவினர் எண்ணெய், கொழுப்பைக் குறைத்தார்கள்; எடையும் சற்று இறங்கியது. நோய் திரும்புவது அவர்களிடம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அடுத்த ஆண்டு வெளியான இன்னொரு சோதனையில் 3,088 பெண்கள். ஒரு பிரிவினர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காய்கறியும் பழமுமாகச் சாப்பிட்டார்கள். ஆனால் எடை இறங்கவில்லை. நோய் திரும்புவதிலும் வித்தியாசமில்லை. கீரை நல்லது. வயிற்றுக்கு நல்லது, இரத்தத்துக்கு நல்லது. வழக்கமான சோற்றுக்கு மேல் கீரையையும் சேர்த்துத் தின்றுவிட்டு நோய் ஓடிவிடும் என்று காத்திருப்பதுதான் நடக்காத காரியம்.

எடையைக் குறைக்கும் இந்தப் பேச்சு, சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சை முடிந்த பின்னும் உள்ளவர்களுக்கு. கீமோ ஏறும் மாதங்களில் கதையே வேறு. இங்கேதான் பத்தியக்காரர்கள் பெரிய கேடு செய்கிறார்கள். முட்டை சூடு, கோழி ஆகாது, மீன் ஆகாது, பருப்பு வாயு என்று எல்லாவற்றையும் விலக்கி, வெறும் கஞ்சியும் ரசமுமாக ஊற்றுகிறார்கள். வெள்ளணு எதனால் உண்டாகிறது? புரதத்தால். செங்கல்லைப் பிடுங்கிக்கொண்டு சுவர் எழுப்பச் சொன்னால் எப்படி? வேகவைத்த முட்டை, நெத்திலி, கோழி, பருப்பு, தவ்வு, தெம்பே எல்லாம் அவளுக்கு வேண்டும். சோயாவில் பெண் சுரப்பு இருக்கிறது, தவ்வு சாப்பிட்டால் கட்டி வளரும் என்று ஒரு பயம் உண்டு. சீனாவில் ஷங்காய் நகரில் இந்நோய் கண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் சொன்ன முடிவு இதற்கு நேர்மாறு. சோயா உணவைக் கூடுதலாகச் சாப்பிட்டவர்களிடம் சாவும் நோய் திரும்புவதும் குறைவு. நமக்கும் தெம்பே மலிவுச் சாமான்தான்.

டப்பா வியாபாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாவு, மாத்திரை என்று சில நூறு வெள்ளிக்குத் தவணையில்கூடக் கொடுக்கிறார்கள். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் வைட்டமின் சி, ஈ போன்ற மாத்திரைகளைத் தாமாக எடுத்துக்கொண்டவர்களுக்கு நோய் திரும்பும் சாடை கூடுதலாகத் தெரிந்தது. முடிந்த முடிவல்ல. ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் எதையும் விழுங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும். அந்தச் சில நூறு வெள்ளிக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம்விட அவசரமான ஒரு சங்கதி. கீமோ ஏற்றி ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும்போது வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் ஜாகாவே கிடையாது. அப்போது 38 டிகிரி காய்ச்சல் கண்டால், "பனடோல் போட்டுப் படு, காலையில பார்ப்போம்" என்று சொல்லவே கூடாது. நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான். போனதும் "கீமோ ஏத்தியிருக்கு" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் பச்சை முட்டை, பச்சைத் தவுகே, கொதிக்காத தண்ணீர் இவை வேண்டாம். தோட்டத்தில் அந்த நேரத்துக்கு வண்டி யாரிடம் இருக்கிறது என்பதைக் கீமோ தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி என்றதும் காசு. 2019இல் தொடங்கிய பேக்கா பி40 திட்டத்தில், 40 வயதைத் தாண்டிய, அரசு உதவித்தொகை பெறும் குடும்பத்தவருக்கு, மேற்கு மலேசியாவில் 500 வெள்ளி வரை ஆஸ்பத்திரிப் போக்குவரத்துச் செலவும், புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகையும் உண்டு என்று அறிவித்தார்கள். இந்தத் திட்டம் தெரியாத தோட்டங்கள் எத்தனையோ! சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரியிலேயே இதற்கான பாரத்தைக் கேட்க வேண்டும்.

சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள வேலைச் சட்டத் திருத்தப்படி, ஆஸ்பத்திரியில் தங்கும் விடுப்பு 60 நாள், சாதாரண நோய் விடுப்பிலிருந்து தனி. நல்லதுதான். ஆனால் கீமோ பெரும்பாலும் காலையில் போய் மாலையில் திரும்பும் சிகிச்சை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மாதக்கணக்கில். அதன்பின் கதிர்ச் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் தினமும் போக வேண்டும். இந்த நாட்களைச் சாதாரண நோய் விடுப்பில் எழுதினால், வேலையில் எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்து, 14 நாளிலோ 22 நாளிலோ அது தீர்ந்துவிடும். மிச்ச நாளுக்குச் சம்பளம் இல்லை. சம்பளமில்லாத வீட்டில் முட்டை ஏது, நெத்திலி ஏது? நடை பழக நேரம்தான் ஏது? கூட்டு ஒப்பந்தப் பேச்சு அடுத்து வரும்போது, சம்பள உயர்வோடு இந்தக் கேள்வியையும் பெண் அங்கத்தினர்கள் தலைவர்களிடம் எழுந்து நின்று கேட்கட்டும்: கீமோவுக்குப் போன நாள், தோட்டத்து ஆபீசில் எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது?